பேரூராட்சிக் கூட்டத்துல என்னதான் நடக்கு? கடைக்காரர்களும் ஊர்க்காரர்களும் கேட்கும் கேள்விகள்

2022-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு மாநகராட்சி, மூன்று நகராட்சிகள், பதினேழு பேரூராட்சிகள் இருந்தன. களக்காடு அதற்கு முந்தைய ஆண்டுதான் நகராட்சி ஆகியிருந்தது. பணகுடி, திசையன்விளை, முக்கூடல், வீரவநல்லூர், பத்தமடை என்று எந்த ஊர்க் கடைவீதியில் நின்று கேட்டாலும் பேரூராட்சி பற்றிய சந்தேகங்கள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வணிகர் சங்கத்திலும் டீக்கடை பெஞ்சிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்ட அறையில் முடிவாவது கொஞ்சம்தான். பாதி விஷயம் அஜெண்டா அச்சாகும் முன்பே முடிந்திருக்கும். மீதியில் பெரும்பங்கு சென்னையில் முடிந்திருக்கும். எந்தக் காரியத்துக்கு எந்த மாதத்தில் யாரைப் பார்ப்பது என்று தெரிந்தவருக்கு வேலை நடக்கிறது. தெரியாதவர் கூட்டத்தன்று வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

தலைவருக்கு நாம நேரா ஓட்டுப் போடலையே, அது ஏன்?

2011 தேர்தலில் பேரூராட்சித் தலைவருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2022-ல் அது மாறிவிட்டது. பிப்ரவரி 19-ல் வார்டு உறுப்பினர்களுக்கு வாக்குப்பதிவு நடந்தது. மார்ச் 2-ல் அவர்கள் பதவியேற்று, மார்ச் 4-ல் தங்களுக்குள் தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுத்தார்கள்.

இதன் விளைவு பட்ஜெட்டில் தெரியும். தலைவரை நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் உறுப்பினர்கள், யாரையும் அவர் பகைத்துக்கொள்ள முடியாது. அதனால் வருகிற பணத்தை வார்டுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடும் பழக்கம் வந்துவிடுகிறது. ஊருக்கே பொதுவான ஒரு பெரிய வாறுகாலை (வடிகாலை)க் கடைசிவரை கட்டி முடிப்பதற்குப் பதில், ஒவ்வொரு வார்டிலும் இருபது மீட்டர் கட்டுவார்கள். தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று கேட்க ஆள் இருக்காது.

இன்னொன்று. உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. பல ஊர்களில் தலைவர் அம்மா கையெழுத்து மட்டும் போடுகிறார், பேச்சுவார்த்தையெல்லாம் வீட்டுக்காரர்தான். வீட்டுக்காரர் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரச் சட்டத்தில் இடமில்லை. மனுவைத் தலைவர் பெயருக்கே எழுதி, தலைவர் கையிலேயே கொடுங்கள். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாவது முறை அவரே உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார்.

அதிகாரம் தலைவருக்கா, ஈ.ஓ.வுக்கா?

மன்றம் தீர்மானம் போடும், செயல் அலுவலர், அதாவது ஈ.ஓ., நிறைவேற்றுவார். எழுத்தில் இது இவ்வளவு எளிது. நடைமுறையில் செயல் அலுவலர் அரசு ஊழியர். அவருக்கு மேலே உதவி இயக்குநர், மாவட்ட ஆட்சியர், சென்னையில் பேரூராட்சிகள் இயக்குநர் என்று வரிசையாக இருக்கிறார்கள். மன்றம் விதிக்கு முரணாகத் தீர்மானம் போட்டால் அவர் கோப்பை மேலே அனுப்பிவிடுவார், அரசு அதை நிறுத்தி வைக்கவும் முடியும்.

தலைவர் பேசுவது ஊர்வலத்துக்கு, ஈ.ஓ. எழுதுவது கோப்புக்கு என்று எங்கள் பக்கத்துப் பழைய கிளார்க் ஒருவர் சொல்வார். கொஞ்சம் கசப்பான பேச்சுதான், ஆனால் உங்கள் காரியம் நடக்க இருவரும் வேண்டும். தலைவர் விரும்பாத பொருள் அஜெண்டாவில் ஏறாது. ஈ.ஓ. குறிப்பு எழுதாத பொருள் ஏறினாலும் நகராது.

கூட்டத்துக்கு நாங்க போய் உட்காரலாமா?

பார்வையாளராக உட்காரலாம், பேச முடியாது. கூட்டத்தை நடத்துபவர் வெளியே போகச் சொன்னால் போகத்தான் வேண்டும். போகிறவர்கள் ஐந்தாறு பேராகச் சத்தமில்லாமல் போய் நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். கூட்டத்தின் தொனியே மாறும்.

அஜெண்டாவைப் பார்த்தா ஒண்ணும் புரியலையே. "பின்னேற்பு"ன்னு பாதிப் பக்கம் இருக்கு.

அஜெண்டாவில் ஒவ்வொரு பொருளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். முதலில் பொருள் எண். அடுத்து, "4-வது வார்டு மேலத் தெரு ஆழ்துளைக் கிணறு மின்மோட்டார் பழுது நீக்கம் செய்த வகையில் ஏற்பட்ட செலவினம் மன்றத்தின் பின்னேற்புக்கு வைக்கப்படுகிறது" என்று இரண்டு மூன்று வரி. அதன் கீழே அலுவலகக் குறிப்பு. அதற்கும் கீழே தீர்மானம் எழுத வெற்றிடம்.

பின்னேற்பு என்றால் செலவு செய்தாகிவிட்டது, இப்போது ஒப்புதல் கேட்கிறார்கள். தாலி கட்டின பிறகு ஜாதகம் பார்ப்பது போலத்தான். ஆனால் எல்லாப் பின்னேற்பும் தப்பு இல்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் வெள்ளம் வந்தபோது பிளீச்சிங் பவுடரும் டீசல் பம்பும் வாங்க மன்றக் கூட்டம் வரை யாராவது காத்திருக்க முடியுமா? மோட்டார் எரிந்தால் அன்று சாயங்காலமே தண்ணீர் வர வேண்டும்.

எப்போது சந்தேகம் வர வேண்டும் என்றால், ஒரே மோட்டார் நாலு மாதத்தில் மூன்று முறை பின்னேற்புக்கு வரும்போது. அப்போது உறுப்பினர் கேட்க வேண்டியது, "போன தடவை காயில் கட்டினது எந்தத் தேதி, எந்த ஒர்க்‌ஷாப்பு, பழைய செப்புக் கம்பி எங்கே?" என்ற கேள்வியை. செப்புக் கம்பிக்கு விலை உண்டு. அது இருப்புப் பதிவேட்டில் வர வேண்டும். இந்தக் கேள்வியை ஒரு முறை கேட்ட ஊரில் மோட்டார்கள் அதற்குப் பிறகு கொஞ்சம் ஆயுள் கூடி ஓடுவதைக் கவனிக்கலாம்.

ஆகவே உங்கள் வார்டு உறுப்பினரிடம் அஜெண்டா நகல் வாங்குங்கள். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே அவர் கைக்கு வந்துவிடும். அதில் தொகை போட்டிருக்கும் பொருள்களை மட்டும் வட்டமிட்டு அவரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். பாதி உறுப்பினர்கள் அஜெண்டாவைக் கூட்ட அறையில்தான் முதல் முறையாகப் பிரிக்கிறார்கள்.

எங்க தெருவுக்கு வாறுகால் வேணும். எப்ப மனு கொடுக்கணும்?

பொங்கலுக்கு முன்னால். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் வரவு செலவுத் திட்டம் பிப்ரவரி, மார்ச்சில் மன்றத்துக்கு வரும். அதற்கான பட்டியலை அலுவலகத்தில் மார்கழி, தை மாதங்களில் தயார் செய்வார்கள். மார்ச் கூட்டத்தில் போய் நின்றால் "அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரிப் பதில் கிடைக்கும்.

மனுவில் அழுகை வேண்டாம், அளவு வேண்டும். தெரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஏறத்தாழ எத்தனை மீட்டர், எத்தனை வீடு, மழைத் தண்ணீர் இப்போது யார் வீட்டு வாசலில் தேங்குகிறது, கடைசியில் எந்த ஓடையில் சேர வேண்டும் என்று எழுதுங்கள். கடைசி விவரம் இல்லாத மனுவை இளநிலைப் பொறியாளர் ஓரமாக வைத்துவிடுவார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள்.

பிறகு நடப்பது இது: பொறியாளர் வந்து டேப் பிடித்து அளந்து மதிப்பீடு போடுவார். எந்த நிதியில் என்று முடிவாகும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், மன்றத் தீர்மானம், வேலை உத்தரவு. வேலை நடக்கும்போது எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் பதிவு. அதை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பட்டியல், அதாவது பில், போடுவார்கள். உங்கள் தெருவில் கான்கிரீட் போடும் அன்று எத்தனை அங்குலம் போட்டார்கள் என்று நீங்களும் ஒரு டேப் பிடித்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அளவுப் புத்தகத்தின் நகலைப் பின்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கும்போது அந்தப் போட்டோவின் அருமை தெரியும்.

பேரூராட்சிக்குப் பணம் எங்கேருந்துதான் வருது?

சொந்த வருவாய் ஒரு பக்கம், மேலேயிருந்து வருவது ஒரு பக்கம்.

சொந்த வருவாயில் முதலில் நிற்பது சொத்து வரி. பிறகு காலியிட வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை, பேருந்து நிலையக் குத்தகை, தொழில் உரிமக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம். ஊரில் இடம் கைமாறினால் கிரயப் பத்திரத்துக்கு நாம் கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம் உள்ளாட்சிக்கானது. வள்ளியூர் மாதிரி மனை விற்பனை சூடாக நடக்கும் ஊருக்கும் ஆற்றங்கரையில் வயலும் கோயிலுமாக இருக்கும் ஊருக்கும் இந்த ஒரு தலைப்பிலேயே பெரிய வித்தியாசம் வரும்.

சொத்து வரிச் சீட்டில் நூலக வரி என்று ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1948-ம் ஆண்டு பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது. இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. அது பேரூராட்சியின் பணம் இல்லை. வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் நூலகத்துக்கு நாளிதழ் ஏன் குறைந்தது என்று கேட்பவர்கள், வசூலான நூலக வரி முழுவதும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மேலேயிருந்து வருவதில் ஒன்று மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கும் 10 சதவீதத்திலிருந்து மாதாமாதம் கிடைக்கும் பங்கு. இரண்டாவது மத்திய நிதி ஆணைய மானியம். இவை போக அம்ருத், தூய்மை இந்தியா, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதிகள்.

தெருவிளக்கு பல்பு மாத்தக் காசில்லைங்காங்க. நல்லா இருந்த தெருவுல பேவர் பிளாக் மட்டும் போடுதாங்களே, அது எப்படி?

இந்தக் கேள்விதான் எங்கே போனாலும் வருகிறது. பதில் தெரிந்தால் கோபம் சரியான இடத்துக்குப் போகும்.

பணம் ஒரே பெட்டியில் இல்லை. சம்பளம், ஓய்வூதியப் பங்கு, தெருவிளக்கு மற்றும் மோட்டார்களின் மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காகக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டும் தொகை, தூய்மைப் பணியாளர் கூலி, வண்டி டீசல் எல்லாம் பொது நிதியிலிருந்து போக வேண்டும். மாதம் பிறந்ததும் முதலில் போவது இதுதான். வரி நிலுவை அதிகமான ஊரில் இதற்கே இழுபறி.

பேவர் பிளாக் பணம் பெரும்பாலும் திட்ட நிதியாக வரும். உதாரணத்துக்கு, 15-வது மத்திய நிதி ஆணையம் 2021-26 காலத்துக்குப் பெருநகரம் அல்லாத ஊர்களுக்குக் கொடுத்த மானியத்தைப் பாருங்கள். 60 சதவீதம் கட்டுண்ட பணம். அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு, பாதி துப்புரவு, திடக்கழிவுக்கு. மீதி 40 சதவீதத்தை மன்றம் ஊர்த் தேவைக்கேற்பப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலும் சம்பளம், அலுவலகச் செலவுக்குக் கை வைக்கக் கூடாது. எம்.எல்.ஏ. நிதி என்றால் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும்.

இது வரைக்கும் நியாயம். நியாயமில்லாதது என்னவென்றால், அந்த 40 சதவீதம் மன்றத்தின் கையில்தான் இருந்தது. எந்தத் தெரு என்பதையும் பெரும்பாலும் மன்றமே முடிவு செய்கிறது. நல்ல தெருவைக் கொத்திப் போட்டுக் கல் பதிப்பது மத்திய அரசு உத்தரவு இல்லை. அளப்பது எளிது, பட்டியல் போடுவது எளிது, திறப்பு விழாவுக்குப் போட்டோ நன்றாக வரும், அதுதான் காரணம். பூமிக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாயை மாற்றினால் யாருக்கும் கல்வெட்டு வைக்க இடம் கிடைக்காது.

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "பணம் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். "கட்டுப்பாடில்லாத மானியம் இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, அதில் என்னென்ன வேலை எடுத்தீர்கள்?" என்று கேட்டால் தாளைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

2022-ல வீட்டு வரி ஏறுச்சே, நம்ம மன்றம் நினைச்சா குறைச்சிருக்கலாம்லா?

இல்லை. மாநில அரசு விகிதத்தை அறிவித்தது. குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீத உயர்வு. கடைக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். சொத்து வரியை உயர்த்தாவிட்டால் மத்திய நிதி ஆணைய மானியம் நின்றுவிடும் என்பது அரசு சொன்ன காரணம். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும் என்பது அந்த மானியத்துக்கான நிபந்தனைகளில் ஒன்றுதான். மன்றங்கள் சிறப்புக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றின, ஆட்சேபணையும் கேட்டன. ஆட்சேபணை என்று எத்தனை பேர் எழுதிக் கொடுத்தோம் என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மன்றத்தால் செய்ய முடிந்தது வேறு. எந்தத் தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, யார் வீட்டு மாடி கணக்கில் ஏறவில்லை, எந்தக் கல்யாண மண்டபம் இன்னும் வீட்டு வரி கட்டுகிறது என்பதைச் சரிபார்க்கச் சொல்லலாம். ஓட்டு வீட்டுக்கு வரி ஏறி, பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு ஏறாமல் இருப்பதற்குச் சென்னையைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்கள் சொத்து அளவு தப்பாகப் பதிவாகியிருந்தால் செயல் அலுவலருக்கு எழுதி மறு அளவு கேளுங்கள். அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம் தண்ட வட்டி. இதை வசூல் கவுண்டரில் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

சின்னதா ஒரு கடை வைக்கேன். தொழில் வரியும் தொழில் உரிமமும் ஒண்ணுதானா?

இரண்டும் வேறு. தொழில் வரி சம்பாதிப்பவர் கட்டுவது, அரையாண்டுக் கணக்கு. அரசியல் சாசனப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. தொழில் உரிமம் கடை நடத்த அனுமதி. புகை, தீ, கழிவு, சத்தம் வரக்கூடிய தொழில்களை ஊர் நலனுக்காகக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு. தொழில் வரி ரசீதைக் காட்டி உரிமம் இருக்கிறது என்று வாதாட முடியாது.

சாப்பாட்டுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு தனி. கல்லிடைக்குறிச்சி மாதிரி அப்பளம் போடும் ஊரில் வீட்டு முற்றத்தில் தொழில் செய்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். பேரூராட்சியில் கேட்டால் அங்கே போ என்பார்கள், அங்கே கேட்டால் இங்கே வா என்பார்கள். இரண்டுக்கும் ஒரே நாளில் விண்ணப்பம் கொடுத்து இரண்டு ஒப்புகையையும் வைத்துக்கொள்வதுதான் வழி.

சந்தையில குத்தகைக்காரர் இஷ்டத்துக்குக் காசு கேக்காரே?

கேட்கக் கூடாது. வாரச்சந்தை, பேருந்து நிலையக் கட்டணம், கட்டணக் கழிப்பறை, வாகனக் காப்பகம் எல்லாவற்றையும் பேரூராட்சி ஏலம் விட்டோ மூடிய உறை டெண்டர் வைத்தோ குத்தகைக்கு விடுகிறது. குத்தகைக்காரர் வாங்குவது வசூல் உரிமை மட்டும்தான். கூடை இறக்க எவ்வளவு, ஆட்டுக்கு எவ்வளவு, மினி லாரிக்கு எவ்வளவு என்று விகிதத்தை நிர்ணயிப்பது மன்றம். அந்த விகிதப் பலகை சந்தை வாசலில் தொங்க வேண்டும், ரசீது தர வேண்டும்.

மாநகராட்சிப் பகுதியில் மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்ரீத் நெருங்கும் வாரங்களில் ஆடு எவ்வளவு இறங்குகிறது என்று. சின்ன ஊர்ச் சந்தையில் கூட்டம் குறைவு, தகராறின் வடிவம் அதேதான். ஏலத்தில் இரண்டு பேர் வீம்புக்குக் கேட்டுத் தொகையை ஏற்றிவிடுவார்கள். மன்றத்தில் "இந்த ஆண்டு வருவாய் கூடியது" என்று மேசையைத் தட்டுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துச் சந்தை கூடாமல் போனால் எடுத்தவருக்குக் கை கடிக்கும். அந்த நஷ்டத்தைக் கீரைக்கட்டு விற்கும் பாட்டியிடம் பத்து ரூபாய் கூட வாங்கி ஈடுகட்டப் பார்ப்பார். ஏலத் தொகை ஏறிய அன்றே இதை எதிர்பார்க்க வேண்டும்.

பலகை இல்லை, ரசீது இல்லை என்றால் கூட்டாக மனு கொடுங்கள். குத்தகை நிபந்தனையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த மீறலுக்கு முன்வைப்புத் தொகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது அதில்தான் எழுதியிருக்கும்.

நடைபாதைத் தள்ளுவண்டிகளை உடனே எடுக்கச் சொல்லித் தீர்மானம் போட முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நிரந்தரக் கடை வைத்திருக்கும் எங்கள் சங்கத்து ஆட்களே. தீர்மானம் போடலாம், அப்படியே நிறைவேற்ற முடியாது. 2014-ம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் 40 சதவீதம் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். முப்பது நாள் முன்னறிவிப்பு இல்லாமல் இடம் மாற்றவோ அகற்றவோ கூடாது.

அண்ணாச்சிமாரே, ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. நம் கடைப் படிக்கட்டு வாறுகாலுக்கு மேலே ஏறி, தகரக் கூரை ரோட்டுக்கு நீண்டு நிற்கும்போது, வண்டிக்காரரை மட்டும் ஆக்கிரமிப்பு என்று மனுப் போட்டால் அளக்க வருகிற டேப் முதலில் நம் வாசலில்தான் விழும்.

கால்வாயில குப்பை குவியுது, மெயின் ரோடு குழியா கிடக்கு. பேரூராட்சி ஏன் ஒண்ணும் செய்ய மாட்டேங்குது?

ஊருக்குள் இருப்பதெல்லாம் பேரூராட்சிக்குச் சொந்தம் இல்லை. கடைவீதி பல ஊரில் நெடுஞ்சாலைத் துறையின் சாலை. தேரோடும் வீதியை ஒட்டிய கடைகள் கோயில் இடமாக இருந்தால் அறநிலையத் துறை. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியே போகும் கன்னடியன் கால்வாய் நீர்வளத் துறையுடையது. ஆனால் கால்வாயில் விழும் குப்பை நம் தெருவிலிருந்து போனது, அதைத் தெருவிலேயே அள்ள வேண்டியது பேரூராட்சி. தூர் வாருவது நீர்வளத் துறையின் வேலை. இந்த இழுபறியில் இரண்டு அலுவலகமும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டே ஒரு பருவத்தை ஓட்டிவிட முடியும். இப்படிப்பட்ட விஷயத்தைத் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். இரண்டு துறைக்கும் ஒரே மேசையிலிருந்து கடிதம் போகும்.

டெண்டர் எல்லாம் பேசி வச்சதுதானா?

1998-ம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. விளம்பரம், கால அவகாசம், குறைந்த விலைக்காரருக்கு வேலை என்று எல்லாம் முறையாக எழுதப்பட்டிருக்கிறது. உறுப்பினர் தன் பேரூராட்சியின் ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருந்தால் பதவி போகும்.

இருந்தாலும் ஒப்பந்தக்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்வதைத் தடுப்பது கடினம். கண்டுபிடிக்க ஒரு வழி: டெண்டர் ஒப்புநோக்குப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எந்த வேலைக்கும் இரண்டே பேர்தான் போட்டிருக்கிறார்கள், ஒருவர் மதிப்பீட்டுக்கு ஒரு துளி கீழே, இன்னொருவர் ஒரு துளி மேலே, அடுத்த வேலையில் அப்படியே இடம் மாறி என்று வரிசையாக வந்தால் உங்களுக்கே விளங்கும். அப்படி இருந்தால் புகார் கொடுக்க உள்ளாட்சி முறைமன்ற நடுவம் என்ற அமைப்பு இருக்கிறது.

உறுப்பினர்களுக்குச் சம்பளம் உண்டா?

மதிப்பூதியம். 2023 ஜூலை முதல் பேரூராட்சித் தலைவருக்கு மாதம் 10,000, துணைத் தலைவருக்கு 5,000, உறுப்பினருக்கு 2,500 ரூபாய்.

உறுப்பினர்கள் வெளிநடப்பு செஞ்சா ஊர் வேலை நின்னுருமா?

சில மாதம் நிற்கும். திருநெல்வேலி மாநகராட்சியில் நாம் பார்த்தோமே. 2024 ஜனவரியில் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள், கூட்டத்துக்கு உறுப்பினர்களே வரவில்லை, தீர்மானம் தோற்றது. ஜூலையில் மேயர் பதவி விலகினார், ஆகஸ்டில் புதியவர் வந்தார். ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்குள்ளேயே நடந்த சண்டை அது.

அஜெண்டா ஒத்திவைக்கப்பட்டால் சம்பளமும் மின்கட்டணமும் எப்படியோ போய்விடும். நிற்பது புதிய வேலைகள். டெண்டர் ஒப்புதலுக்கு வர வேண்டிய வாறுகால் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளும். இடையில் ஏதாவது தேர்தல் நடத்தை விதி வந்தால் புதிய வேலை தொடங்கவே முடியாது. வெளிநடப்பு செய்தவரிடம் எந்தப் பொருளை எதிர்த்து வெளியே போனார் என்று கேளுங்கள். பொருள் எண்ணைச் சொல்லத் தெரிந்தால் அவர் ஊருக்காகப் போயிருக்கிறார்.

கணக்கைப் பார்க்கணும்னா யாரைக் கேக்கணும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பேரூராட்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு, முப்பது நாளில் பதில். வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

"ஐந்தாண்டு கணக்கு முழுவதும் தருக" என்று எழுதாதீர்கள். ஆயிரம் பக்கத்துக்கு நகல் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும், நீங்கள் கட்ட மாட்டீர்கள், கோப்பு மூடப்படும். "இந்த ஆண்டு இன்ன மாத மன்றக் கூட்டத் தீர்மானப் புத்தகத்தின் நகல்", "இன்ன வேலையின் அளவுப் புத்தகப் பக்கங்கள்", "உள்ளாட்சி நிதித் தணிக்கையின் கடைசி அறிக்கையில் நிலுவையிலுள்ள தடைகள்" என்று ஒன்றொன்றாகக் கேளுங்கள். தணிக்கைத் தடை என்பது தணிக்கையாளரே "இந்தச் செலவுக்கு விளக்கம் இல்லை" என்று எழுதி வைத்தது. நாம் தனியாக ஊழலைத் தேட வேண்டியதில்லை, தேடி எழுதி வைத்ததை வாசித்தாலே போதும்.

நாங்களே கொஞ்சம் பணம் போட்டு வேலையைச் சீக்கிரம் முடிக்க முடியுமா?

நமக்கு நாமே திட்டம் அதற்குத்தான். செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊர்க்காரர்களோ வியாபாரிகளோ கட்டினால் மீதியை அரசு தரும். கடைவீதிக்குக் கண்காணிப்புக் கேமரா, பூங்கா, பள்ளிச் சுவர் போன்றவற்றுக்குப் பொருத்தம். வாறுகாலுக்கும் தெருவிளக்குக்கும் நாம் ஏற்கெனவே வரி கட்டியிருக்கிறோம், அதற்கு மறுபடி வசூல் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் கருத்து.

மன்றமே இல்லாம பல வருஷம் ஓடுச்சே, அப்ப யாரு முடிவெடுத்தா?

2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 மார்ச் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கிடையாது. அந்த ஐந்தாண்டுக்கும் மேலான காலத்தில் தனி அலுவலரே மன்றம், அவர் கையெழுத்தே தீர்மானம். வேலை வேகமாக நடந்தது என்று சொல்பவர்களும் உண்டு. கேட்பதற்கு வார்டில் ஆள் இல்லாததால் வேகம் இருந்ததுபோலத் தெரிந்தது என்பேன்.

2022 மார்ச் 2-ல் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் அடுத்த தேர்தல் நடக்காவிட்டால் மறுபடியும் தனி அலுவலர்தான். அப்போதும் மனுவையும் ஒப்புகைச் சீட்டையும் விட்டுவிடாதீர்கள். பெறுநர் பெயர் மட்டும் மாறும்.